மாட்டுப்பட்டி: மடியின் வரலாறும் வயிற்றின் வரலாறும்

கேரளத்தின் பால் வளத்தைப் பற்றிப் பேசும்போது லிட்டர்க் கணக்கையே முன்வைக்கிறோம். அப்பாலுக்கு மூலமான புல்லும், அதைச் செரித்த வயிறும் நம் வரலாற்றெழுத்தில் இடம்பெறுவது அரிது.

1963இல் இந்திய, சுவிட்சர்லாந்து அரசுகளின் உடன்படிக்கைப்படி மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியில் கால்நடைத் திட்டம் தொடங்கிற்று. அவ்வூர் அன்று கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது. இடுக்கி மாவட்டம் 1972இல்தான் உருவாயிற்று. பிரௌன் சுவிஸ் காளைகளை உள்ளூர்ப் பசுக்களோடு கலந்து 'சுனந்தினி' உருவாக்கப்பட்டது. இதற்கு முன்பே, 1961ஆம் ஆண்டின் கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் உரிமம் பெறாத காளைகளைக் காயடிக்க வழிவகுத்திருந்தது. நாட்டினங்களின் வழி இவ்வாறு இருபுறமும் அடைபட்டது.

குளிர்ந்த மலையில் தொடங்கிய கலப்பினம், உறைவிந்து வழியாகச் சமவெளிக்கு இறங்கிற்று. பாலக்காட்டு உழவரிடம் மிகுதியாக இருந்ததோ நெல் வைக்கோல். அதில் புரதம் ஏறத்தாழ 4 விழுக்காடுதான். பெருவயிற்றின் நுண்ணுயிரிகள் நாரைச் சிதைக்க, தீவனத்தில் சுமார் 7 விழுக்காடு புரதமேனும் வேண்டும். வெப்பமண்டலப் புல்லும் முற்றியபின் லிக்னின் மிகுந்து, புரதம் குன்றி, ஏறத்தாழ இதே நிலையை அடைகிறது.

திமிலுடைய இனங்களின் உடற்பராமரிப்புத் தேவை குறைவு. உடலில் உண்டாகும் யூரியாவை உமிழ்நீர் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் நுண்ணுயிரிகளுக்கே திருப்பி அளிப்பதில் அவை தேர்ந்தவை. ஆகவே எளிய தீவனத்தில் அவை தாக்குப்பிடிக்கின்றன. ஆயினும், நல்ல தீவனம் கிடைக்குமிடத்தில் இவ்வனுகூலம் மறைந்துவிடுகிறது. அங்கே பாலில் முந்துவது கலப்பினமே.

எனவே மாட்டை மாற்றியவர்கள் புல்லையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கினியாப் புல்லும், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் கேரளத் தோட்டங்களில் வேரூன்றின. எஞ்சிய குறையை விலைகொடுத்து வாங்கிய அடர்தீவனம் நிரப்பிற்று. நிலமும் நீரும் உடையவருக்கு இம்மாற்றம் வருவாய் தந்தது. வைக்கோலையும் வரப்புப் புல்லையுமே நம்பியிருந்தவருக்குத் தீவனச் செலவு சுமையாயிற்று.

1989இல் மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் மாணவர்களும் வெச்சூர்ப் பசுவைத் தேடி மீட்கத் தொடங்கியதை வெறும் பழமைப் பற்றாகக் கொள்ளலாகாது. குறைந்த தீவனத்தில் வாழும் திறனும் ஒரு மரபுச் செல்வமே.

சுனந்தினியைப் பிழையென்று தள்ளுவது என் நோக்கமன்று. பல குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது. ஓர் இனத்தை 'மேம்பட்டது' என்று ஆவணம் கூறும்போது, எந்தப் புல்லின்மீது, யாருடைய செலவில் என்று வினவுவதே வரலாற்று மாணவரின் கடமை.