கல்வெட்டில் இல்லாதவர்களின் காகிதங்கள்

திருவரங்கம் கோயிலுக்குள் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்களை யாரும் பார்க்கலாம். சுவர்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுக்க இந்தக் கோயிலுக்கானது. போதாததற்குக் 'கோயிலொழுகு' வேறு. யார் நிலம் கொடுத்தார், யார் மண்டபம் கட்டினார், யாருக்கு என்ன மரியாதை என்று எல்லாவற்றுக்கும் ஆதாரம் உண்டு.

அந்த நிலங்களில் சேற்றில் இறங்கி உழைத்தவர்களுக்கு? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி வருகிறது. வரியில்லாத இடங்களின் பட்டியலில், குளம், வாய்க்கால், சுடுகாட்டோடு சேர்த்து. சேரி இருக்கிறது, மனிதர்கள் இல்லை. உறையூர்ப் பாணரான திருப்பாணாழ்வாரை நாம் அறிவோம். ஆனால் காவிரிக் கரையில் தள்ளி நின்ற அவரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து சென்ற கதையைக் கோயில்தான் சொல்கிறது, அவருடைய சேரி அல்ல.

நம்மவர்கள் எழுதவில்லையா? எழுதினார்கள். 1869 முதல் 1943 வரை வெளியான தலித் இதழ்களைப் பற்றி ஜெ. பாலசுப்பிரமணியம் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அவற்றில் பலவற்றின் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழை இன்று எடுத்துப் புரட்ட முடிகிறதா?

அயோத்திதாசரின் 'தமிழன்' பிழைத்தது வேறு கதை. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கிய அந்த வார இதழை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பாதுகாத்து வைத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் 1999இல் வெளியிட்டது. அயோத்திதாசர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து! சிலர் வீட்டுப் பெட்டியைத் திறந்திருக்காவிட்டால் இன்று நாம் விவாதிக்கும் பூர்வ பௌத்தம் எங்கே?

உலகின் மறுமுனையில் இன்னொரு மக்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். கனடாவின் கிழக்குக் கரையில் வாழ்ந்த பிரெஞ்சு மொழி பேசும் அகாடியர்களை 1755இல் பிரிட்டிஷார் ஊரை விட்டே துரத்தினார்கள். சிதறிய அவர்களின் வழிவந்தோர் 1968இல் மாங்டன் பல்கலைக்கழகத்தில் தங்களுக்கென ஓர் ஆய்வு மையத்தையும் ஆவணக் காப்பகத்தையும் அமைத்தார்கள். தங்கள் பகுதியிலேயே, தங்கள் மொழியிலேயே.

இது வெறும் பழம்பெருமை அல்ல தோழர்களே. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. நம்மவர் அல்லாதவருக்கு அதை விற்க முடியாது. ஆனால் 'இது பஞ்சமி நிலம்' என்று நிரூபிக்கப் பழைய பதிவேடு வேண்டும், ஒப்படைப்பு ஆணை வேண்டும். காகிதம் போனால் நிலமும் போகும்.

இதற்கெல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ரயில் ஏற வேண்டுமா? திருச்சியிலேயே ஓர் அறை போதும், யாரும் வந்து உட்கார்ந்து படிக்கும்படி. இந்த விடுமுறையில் உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். தாத்தாவின் ஒப்படைப்புப் பட்டா, சங்கத்தின் ரசீதுப் புத்தகம், மாநாட்டுத் துண்டறிக்கை, பாட்டியின் திருமணப் புகைப்படம். மூலத்தை வாங்கி வராதீர்கள். படம் எடுத்துவிட்டு அவர்களிடமே கொடுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று அன்றே எழுதி வையுங்கள். பாட்டி பேசினால் பதிவு செய்யுங்கள். அடுத்த விடுமுறைக்கு அவர் இருப்பாரா என்பது தெரியாது.