மானிகள் இறங்கிய கதை

1955-ஆம் ஆண்டில் தமிழகக் கடற்கரையில் இரண்டு வேலைகள் தொடங்கின. வடக்கே, சென்னையை ஒட்டிய திருவொற்றியூரில் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து, 'என்ஃபீல்டு இந்தியா' என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் ஆலை ஒன்றை எழுப்ப முனைந்தன. தெற்கே தூத்துக்குடியில், நெடுங்கால இடைவெளிக்குப் பின் அரசு முத்துக்குளிப்பை மீண்டும் நடத்தியது. ஆலை நிலைத்தது. முத்துக்குளிப்போ 1961 வரை நடந்து, பின் நின்றுபோயிற்று. ஒன்றோடொன்று தொடர்பற்ற இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க நமக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டிலும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதை மனிதன் எப்படி அளந்தறிந்தான் என்ற கேள்வி இருக்கிறது.

முத்துப்பாரில் குளிப்பவர் கல்லின் கனத்தால் ஐந்து முதல் பத்துப் பாகம் வரை கீழிறங்குவார். அவரிடம் கடிகாரமும் இல்லை, ஆழமானியும் இல்லை. தோணியில் நின்று கயிறு பிடித்தவரின் உள்ளங்கைதான் மானி. கயிற்றில் வரும் அசைவையும் இழுப்பையும் கொண்டே கீழே இருப்பவரின் நிலையை அவர் அறிந்தார். அந்தக் கையைத் தவறான இடத்தில் வைத்தால் போவது ஓர் உயிர். அளக்கும் கருவி எங்கே இருக்க வேண்டும் என்பது அழகு பற்றிய கேள்வி மட்டுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிளின் மானிகளுக்கும் இத்தகைய இடவரலாறு ஒன்று உண்டு. 1930-களின் ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் ஆம்பியர்மானி, எண்ணெய் அழுத்தமானி போன்றவை பெட்ரோல் தொட்டியின் மேற்புறத்தில் பதிக்கப்பட்டிருந்தன. ஓட்டுபவர் அவற்றைக் காணத் தன் மடியை நோக்கிக் குனிய வேண்டும். அந்த ஒரு கணம் சாலை அவர் பார்வையிலிருந்து நழுவிவிடும். வேகமானி மட்டும் முன்கவையின் உச்சியில் தனித்து நின்றது. 1949-இல் ட்ரையம்ப் நிறுவனம் தொட்டிப் பலகையைக் கைவிட்டு, எல்லாவற்றையும் முகப்பு விளக்கின் கூட்டுக்குள் கொண்டுவந்தது. தொட்டியிலிருந்தவை மேலேறின, கவை உச்சியிலிருந்தது கீழிறங்கியது. இரண்டும் விளக்கின் தலையில் சந்தித்துக்கொண்டன எனலாம்.

1954-இல் என்ஃபீல்டும் இதே வழியில் சென்றது. அதன் கூட்டுக்குக் 'காஸ்கெட்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அதற்குத் தொப்பி என்று பொருள். அலுமினிய வார்ப்பாலான அந்தத் தொப்பியில் முகப்பு விளக்கு, இருபுறமும் இரண்டு சிறு விளக்குகள், வேகமானி, ஆம்பியர்மானி ஆகியவை அமைந்தன. திருவொற்றியூர் ஆலை 1956-இல் திறக்கப்பட்டு, இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த வண்டிகளைப் பூட்டத் தொடங்கியபோது இந்தத் தொப்பியும் உடன் வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் பூட்டப்பட்ட வண்டிகள் 163. ரெடிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தியே முடிவுக்கு வந்தது. 1977-இல் சென்னையிலிருந்து புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. பிறந்த ஊரில் மறைந்த வடிவம் வளர்ந்த ஊரில் உயிரோடிருந்தது.

அந்தத் தொப்பியில் இருந்த சிறிய ஆம்பியர்மானியைப் பலரும் ஓர் அலங்காரமாகவே கருதுகின்றனர். உண்மையில் அதுதான் பழைய புல்லட்டின் கயிறு பிடித்தவர். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயின்ட் மூடும்போது முள் இடப்பக்கம் சாயும்; திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். காலுக்கு எதிர்ப்புத் தெரியும் இடத்தில் டிகம்ப்ரஷரைப் பிடித்து, முள் நடுவுக்கு வரும்வரை பிஸ்டனை நகர்த்தி, பின் கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். முறை பிசகினால் கிக்கர் எதிர்த்தடித்துக் காலைப் பதம் பார்க்கும். உருளைக்குள் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை வெளியே நிற்கும் மனிதனுக்குச் சொல்லும் ஒரே தூதன் அந்த முள்தான். மின்தொடக்கமும் மின்னணுப் பற்றவைப்பும் வந்தபின் அந்தத் தூதனுக்கு வேலையில்லாமற் போயிற்று.

இன்று பழைய வண்டிகளை மீட்டெடுப்போரில் ஒரு சாரார் மானிகளை இன்னும் கீழே இறக்கிப் பொருத்த விரும்புகின்றனர். 1960-களில் இங்கிலாந்தின் சாலையோரத் தேநீர்க் கடைகளில் கூடிய இளைஞர்கள் கைப்பிடியைத் தாழ்த்தி, தொட்டிமேல் கவிழ்ந்து ஓட்டினர். உடல் தாழ்ந்ததால் கண்ணும் தாழ்ந்தது. கண்ணைத் தொடர்ந்து மானியும் தாழ்ந்தது. அங்கே அது தேவையின் விளைவு. நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் புல்லட்டில் அதையே செய்வது வேறொருவர் உடலுக்குத் தைத்த சட்டையை அணிவது போன்றது.

செய்முறையிலும் சிக்கல்கள் உள்ளன. காஸ்கெட் வெறும் மூடியன்று. முன்கவையின் குழாய்கள் மேலே அதில்தான் பொருந்தி நிற்கின்றன. ஆகவே அதை அகற்றினால் கவைக்கு வேறொரு மேற்பிடிப்பு தேவைப்படும். வேகமானியின் கம்பிவடம் முன்சக்கரத்திலிருந்து ஏறி வருகிறது. மானியை இறக்கினால் வடத்தின் மிச்ச நீளம் எங்கேனும் வளைந்தாக வேண்டும். வளைவு கூர்மையானால் உள்வடம் விட்டுவிட்டுச் சுழலும், முள் நடுங்கும், ஒருநாள் வடம் அறுந்துபோகும். வடத்தை அளவுக்கு மீறிக் குறுக்கினாலோ, கவை நீளும்போதும் கைப்பிடி திரும்பும்போதும் அது இழுபடும். திருப்பத்தின் கடைசியில் மானி தொட்டியில் முட்டாதிருப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூத்துக்குடி போன்ற ஊரில் இவற்றோடு உப்பும் சேர்கிறது. உப்பளங்களும் கடலும் சூழ்ந்த அந்தக் காற்றில் மானியின் குரோம் வளையம் முதலில் புள்ளியிடும். பின் கண்ணாடியின் உட்புறம் மங்கும். ஆம்பியர்மானியின் செப்பு முனைகளில் பச்சை படரும். அலுமினியத் தொப்பி வெண்பூ பூக்கும். கூட்டுக்குள் புதைந்த மானிக்கு முகம் மட்டுமே வெளியே. கூட்டைவிட்டு எடுத்துத் தனியே தாழ்த்திய மானிக்கோ முதுகும் வெளியே. முன்சக்கரம் வாரியிறைக்கும் உப்புநீர் அந்த முதுகைத்தான் தேடி வரும். நல்ல ரப்பர் உறையும், முனைகளில் பூசிய கிரீஸும், மழைக்குப் பின் துடைத்து உலர்த்தும் பொறுமையும் இல்லாத இடத்தில் அழகு ஓரிரு பருவமழைகளுக்கு மேல் நில்லாது.

மாற்றவே கூடாது என்பதல்ல நம் கட்சி. மானிகள் என்றுமே ஓரிடத்தில் இருந்ததில்லை என்பதையே மேலே சொன்ன வரலாறு காட்டுகிறது. நாடு மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறியபோது முகத்தின் எண்களே மாறின. யாரும் அதை இழப்பாகக் கருதவில்லை. ஆனால் ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஓர் உடலும் ஒரு தேவையும் காரணமாக இருந்தன. அந்தக் காரணத்தை அறிந்து இறக்குபவர், ஆம்பியர்மானியைக் கிக்கரை மிதிக்கும்போது கண்ணில் படும் இடத்தில் வைப்பார். கழற்றிய காஸ்கெட்டையும் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துவார். அறியாதவர் அந்த முள்ளை வெட்டிய கம்பிகளோடு காயலான் கடைக்கு அனுப்பிவிடுவார்.

முத்துக்குளிப்பு நின்றபோது கல்லும் கயிறும் தோணியும் மறைந்துவிடவில்லை. சங்கு குளிப்பில் அவை தொடர்ந்தன. ஆனால் பாரில் சிப்பி சேர்ப்பவரின் அசைவை மேலிருந்து படித்த கையின் அறிவு, அந்தக் கைகளோடு சிறிது சிறிதாகக் கரைந்தது. பொருளைக் காப்பாற்றுவது எளிது. அதைப் படிக்கத் தெரிந்த கண்ணைக் காப்பாற்றுவதே கடினம். பழைய வண்டி ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் பழுதுபார்க்க வேண்டியது அந்தக் கண்ணைத்தான்.