லஞ்சம் கொடுக்காத அழகி

சீனத்துச் சித்திரச் சுருளை நம் வீட்டுச் சுவர்ப் படம்போல் ஆண்டு முழுவதும் மாட்டி வைப்பதில்லை. பட்டிலோ காகிதத்திலோ எழுதி, அடியில் ஓர் உருளைக் கட்டை வைத்திருப்பார்கள். விருந்தாளி வந்தால், பருவம் மாறினால், சில நாட்கள் தொங்கவிடுவார்கள். பிறகு சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். அப்படிச் சுருண்டும் விரிந்தும் பல தலைமுறைகளைக் கண்டவள் வாங் சாவ்ஜுன். மயிர்த்தோல் ஓரம் வைத்த சிவப்புப் போர்வை, பக்கத்தில் குதிரை, கையில் பீபா என்ற நான்கு தந்தி வாத்தியம். இவை இருந்தால் பெயரைப் படிக்க வேண்டியதில்லை, அவளேதான்.

ஹான் வம்சத்து யுவான் சக்கரவர்த்தியின் அந்தப்புரத்தில் பெண்கள் ஏராளம். எல்லாரையும் நேரில் பார்க்க அவருக்கு ஏது அவகாசம்? சைத்திரிகர்களை விட்டு உருவம் எழுதச் செய்து, படத்தைப் பார்த்து அழைப்பாராம். பெண்கள் சும்மா இருப்பார்களா? லட்சம் காசு, குறைந்தது ஐம்பதாயிரம் காசு என்று சைத்திரிகர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். சாவ்ஜுன் கொடுக்கவில்லை. அவள் படம் அவலட்சணமாக அமைந்தது. கி.மு. 33இல் வடக்கத்தி நாடோடிகளான ஷியோங்நு மக்களின் தலைவன் ஹூஹான்யே தலைநகருக்கு வந்து பெண் கேட்டான். படத்தைப் பார்த்து இவளை ஒதுக்கினார் சக்கரவர்த்தி. விடைபெற வந்து நின்றபோதுதான் நிஜ முகத்தைக் கண்டார். கொடுத்த வாக்கை மீற முடியவில்லை. மாவ் யான்ஷோவ் முதலான சைத்திரிகர்கள் ஒரே நாளில் சந்தையில் கொல்லப்பட்டார்கள்.

இந்தக் கதை சில நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கூ எழுதிய சரித்திரத்தில் படமும் இல்லை, லஞ்சமும் இல்லை. 5ஆம் நூற்றாண்டில் ஃபான் யே எழுதியதுதான் சுவாரசியம். பல ஆண்டுகள் அரசரின் முகத்தையே காணாமல் மனம் கசந்து, ‘நானே போகிறேன்’ என்று அவள் முன்வந்தாளாம்! கதை எழுதுகிற எனக்கு இந்தச் சாவ்ஜுனைத்தான் பிடித்திருக்கிறது. ஒரு பெண் தானாக வெளியேறினாள் என்றால் அரசருக்குக் குறை. சைத்திரிகன் ஏமாற்றினான் என்றால் யாருக்கும் குறையில்லை, சைத்திரிகனைத் தவிர. 11ஆம் நூற்றாண்டில் வாங் அன்ஷி என்ற கவிஞர் அவனுக்குப் பரிந்து பாடியது நியாயமே.

அந்தப் பீபாவும் இரவல்தான். அவளுக்கு முன்னால் மேற்கே வூஸுன் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள் ஓர் இளவரசி. வழியில் அவள் மனத்தைத் தேற்றக் குதிரைமேல் இருந்து பீபா வாசித்தார்களாம். சாவ்ஜுனுக்கும் அப்படித்தான் வாசித்திருப்பார்கள் என்று 3ஆம் நூற்றாண்டில் ஷி சோங் என்ற பிரபு ஊகித்து எழுதினார். யாரோ யாருக்கோ வாசித்த வாத்தியம், நாளடைவில் இவள் கைக்கே வந்துவிட்டது!

பிற்கால நாடகாசிரியர் மா ஜியுவான் அவளை எல்லை நதியில் குதித்துச் சாகவே செய்துவிட்டார். சரித்திரத்தில் அவள் சாகவில்லை. ஹூஹான்யேக்கு ஒரு மகனைப் பெற்றாள். கி.மு. 31இல் கணவன் இறந்தான். அவனுடைய வேறொரு மனைவியின் மகன் பட்டத்துக்கு வந்து, தங்கள் குல வழக்கப்படி இவளை மணக்க விரும்பினான். ஊர் திரும்ப அனுமதி கேட்டுச் சீனத்துக்கு எழுதினாள். யுவான் அதற்குள் காலமாகியிருந்தார். அவர் மகன் செங் சக்கரவர்த்தி, அந்நாட்டு வழக்கப்படியே நடந்துகொள் என்று உத்தரவிட்டார். நடந்துகொண்டாள், இரண்டு பெண்கள் பிறந்தார்கள்.

அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாவ்ஜுனை எந்தச் சித்திரச் சுருளிலும் நான் கண்டதில்லை. குதிரையருகில், இளம் பெண்ணாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.