கொழுந்தின் நிறையும் குருதியின் குறையும்: மலையகப் பெண்ணின் உடல்நல ஆய்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றை எழுதப் புகுந்தோர் ஏற்றுமதித் தொகையையும், நிலப்பரப்பின் கணக்கையும், கூலி விகிதத்தையும், குடியுரிமைச் சட்டங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அப்பொருளாதாரத்தை முதுகிற் சுமந்த பெண்ணின் உடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது சட்டங்களிலும், மருத்துவ அறிக்கைகளிலும், ஆய்விதழ்களிலும் சிதறிக் கிடக்கின்றது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் அரசும், தோட்ட நிருவாகமும், மருத்துவ அறிவியலும் அவ்வுடலைப் பல தடவை நோக்கியுள்ளன. எந்த வினாவோடு நோக்கின, எந்த வினாவைக் கேளாது விட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேயிலையும் பெண்ணின் உழைப்பும்

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோருட் பெரும்பாலானோர் ஆடவர். அறுவடைப் பருவத்தில் வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பியோரே அவர்களுள் அதிகம். 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் வர்த்தக நோக்கோடு தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் அடுத்த இரு தசாப்தங்களுக்குள் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. தேயிலைக்கு அறுவடைப் பருவம் எனத் தனியே ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும், ஏழு முதற் பத்து நாள்களுக்கு ஒரு முறை, அதே செடியிற் கொழுந்து பறிக்கப்படல் வேண்டும். எனவே குடும்பத்தோடு நிலையாகத் தங்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். லயத்து வாழ்க்கை நிலைபெற்றது. கொழுந்து பறித்தல் பெண்ணின் வேலையாயிற்று. ஆயினும் ஒரு நாள் உழைப்புக்கு ஆணிலும் குறைந்த கூலியே அவளுக்கு நெடுங்காலம் வழங்கப்பட்டது. அவ்வேறுபாடு 1984 ஆம் ஆண்டிலேயே நீங்கியது.

அவளது உடல்நலத்தைப் பற்றிச் சட்டம் பேசாமலில்லை. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதியைச் சட்டத்தின் எல்லைக்குட் கொண்டுவந்தது. 1912 ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளித்தல் வேண்டும் என்றும், அக்காலத்தில் அவளை வேலைக்கு அழைத்தல் ஆகாது என்றும் தோட்ட நிருவாகத்தைப் பணித்தது. 1939 இல் மகப்பேற்று நன்மைகள் சட்டம் வந்தது. இவை பயனற்றவை என எவரும் கூறார். எனினும், பிள்ளை பெறும் வேளையிலேயே பெண் சட்டத்தின் கண்ணுக்குப் பெண்ணாகத் தோன்றினாள் என்பது நோக்கற்பாலது. பூப்பு முதல் மாதவிடாய் நிற்கும் வரையுள்ள முப்பத்தைந்து ஆண்டுக் காலத்தில் அவளுக்கு உண்டாகும் பிற நோவுகள் தனியே கருதப்படவில்லை.

கொழுக்கிப் புழுவும் கருவுற்ற தாயும்

மலையகத் தொழிலாளரின் உடலைத் திட்டமிட்ட முறையில் முதலிற் பரிசோதித்தோர் றொக்பெல்லர் நிறுவனத்தினராவர். 1916 ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் அவர்கள் கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். மலத்தால் மாசடைந்த ஈர மண்ணிலே பெருகும் இப்புழுவின் குடம்பிகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்சென்று, ஈற்றிற் சிறுகுடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சுவன. மழை மிகுந்த மலைச்சாரலில், மலசலகூடமற்ற லயங்களில், செருப்பற்ற கால்களோடு உழைத்தோர் இந்நோய்க்கு இலகுவில் ஆளாயினர். நோயற்ற தொழிலாளி கூடுதலாக உழைப்பான் என்ற வாதமே தோட்டத் துரைமாரை இவ்வியக்கத்துக்கு இணங்கச் செய்ய வல்லதாயிருந்தது. மருந்து கொடுத்து முடித்த பின்னர் மலசலகூடம் கட்டுதல் வேண்டும் என்ற கட்டம் வந்தபோது அவ்விணக்கம் தளர்ந்தது. ஏனெனில் மருந்திலும் மலசலகூடத்துக்குச் செலவு அதிகம். மருந்தால் நீங்கிய புழு மண்ணிலிருந்து மீண்டும் உடலிற் புகுந்தது.

இப்புழு பெண்ணுக்கு இழைத்த தனித்தீங்கை எடுத்துக்காட்டியவர் கொழும்பு டி சொய்சா பிரசவ வைத்தியசாலையின் மகப்பேற்று மருத்துவர் ஜி. ஏ. டபிள்யூ. விக்கிரமசூரிய ஆவார். கருவுற்ற பெண்ணில் மலேரியாவும் கொழுக்கிப் புழு நோயும் விளைக்கும் கேடுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1937 இல் வெளிவந்தது. கருப்பமும் புழுவும் ஒருங்கே குருதியைக் குறைக்கும்போது தாயின் உயிருக்கு நேரும் ஆபத்தை அது விளக்கிற்று. இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த காலம் அது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இதே காலப்பகுதியில் இந்தியாவிலும் இத்துறையிற் பெரும் ஆய்வொன்று நிகழ்ந்தது. பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சார்ந்த கருவுற்ற பெண்களிடையே காணப்பட்ட கடுமையான குருதிச்சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவப் பெண்மணி, குன்னூரிலும் சென்னையிலும் தம் ஆய்வைத் தொடர்ந்தார். மதுவச் சாறு அந்நோயைத் தீர்க்கும் என 1931 இல் அவர் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. இன்று உலகெங்கும் கருவுற்ற தாய்மார் உண்ணும் மாத்திரையின் வரலாறு உழைக்கும் ஏழைப் பெண்களின் குருதியிலிருந்தே தொடங்குகின்றது.

தராசில் நிறுக்கப்பட்ட களைப்பு

மலையகப் பெண்ணை மையமாகக் கொண்ட மிக முக்கியமான மருத்துவ ஆய்வு 1970களில் நிகழ்ந்தது. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் நிகழ்ந்த நிலச் சீர்திருத்தங்களால் அரசுடைமையான காலம் அது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களில் இறப்பு வீதத்தை உயர்த்தியிருந்தது. இப்பின்னணியிற் பேராதனை மருத்துவப் பேராசிரியர் பிறயன் செனிவிரத்னவும், அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சார்ந்த கார்ட்னர், எட்ஜர்ட்டன் முதலிய உடற்றொழிலியல் அறிஞரும் இணைந்து, இரும்புச்சத்துக் குறைவால் வரும் குருதிச்சோகையை ஆராய்ந்தனர்.

1977 இல் வெளிவந்த அவர்களது கட்டுரை எழுபத்தைந்து பெண்களைப் பற்றியது. குருதியில் ஈமோகுளோபின் அளவு வெவ்வேறாயிருந்த அப்பெண்களை நகரும் பட்டையின் மீது நடக்கச் செய்து, அவர்களின் இதயத் துடிப்பும் குருதியில் சேரும் இலற்றிக் அமிலமும் அளக்கப்பட்டன. ஈமோகுளோபின் குறையக் குறைய உழைக்கும் ஆற்றலும் குறைந்தது. 1979 இல் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழில் வந்த இரண்டாவது கட்டுரை ஆய்வுகூடத்தை விட்டுத் தேயிலை மலைக்கே சென்றது. ஒரு சாராருக்கு இரும்புச்சத்தும், மறுசாராருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்து, நாள்தோறும் பறிக்கப்பட்ட கொழுந்தின் நிறை கணக்கிடப்பட்டது. ஒரு மாதத்தின் பின், இரும்புச்சத்தால் ஈமோகுளோபின் உயர்ந்தோர் கூடுதலான கொழுந்து பறித்தனர். ஈமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரையே இருந்த, மிகச் சோகையுற்றவர்களிடத்து முன்னேற்றம் மிகுதியாயிருந்தது. சோகையற்ற பெண்ணுக்கு அவ்வளவு குறைந்தது 12 கிராமாக இருத்தல் வேண்டும் என்பதை ஒப்புநோக்கின், எத்தகைய உடல்நிலையோடு அவர்கள் மலையேறினர் என்பது புலனாகும். அதே ஆண்டில் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் இறப்பர்ப் பால் வெட்டும் ஆடவரிடையே நிகழ்ந்த ஆய்வும் இம்முடிவையே தந்தது.

இவ்வாய்வின் சமூகப் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடலாகாது. குறித்த நிறை வராத நாளில் 'அரைப் பேர்' போடப்பட்ட பெண்ணைத் தோட்டத்து வழக்கு சோம்பேறி என்றே ஏசிற்று. அவளது 'சோம்பல்' குருதியின் குறையே என்பதை இந்த ஆய்வு அவ்வதிகாரம் நம்பும் தராசைக் கொண்டே நிறுவிற்று. களைப்பாயிருக்கிறது என்று அவள் சொன்னது பொய்யன்று என அறிவியல் சாட்சி கூறிற்று.

எனினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். அவள் களைப்பு நீங்கியதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது கொழுந்தின் நிறை. கொழுக்கிப் புழு இயக்கத்திலே தொழிலாளியின் உழைப்பு. சட்டத்திலே அவள் பெறும் பிள்ளை. இங்கே அவள் பறிக்கும் கொழுந்து. அவளது நலம் ஒவ்வொரு முறையும் வேறொன்றின் பயனாலேயே அளக்கப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்களும் இப்போக்கிற்கு விலக்கல்ல. 1980களில் ஊக்கத்தொகையோடு நிகழ்ந்த கருத்தடைச் சத்திரசிகிச்சை பிற பகுதிகளிலும் தோட்டங்களிலேயே மிகுந்த இடத்தைப் பெற்றது. அவளது கருப்பை எத்தனை பிள்ளைகளைப் பெறும் என்பது கணக்கிடப்பட்டது. அக்கருப்பை அவளுக்கு மாதந்தோறும் தரும் நோவு கணக்கில் வரவில்லை.

கேளாத வினா

குருதிச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தல், ஒழுகும் குடத்தில் நீர் வார்த்தலுக்கு ஒப்பானது. ஒழுக்கு எங்கே என்று கேட்டல் வேண்டும். புழு ஓர் ஒழுக்கு. அடுத்தடுத்த பிரசவம் மற்றோர் ஒழுக்கு. மாதவிடாய் மூன்றாவது ஒழுக்காகும். ஒரு மாதவிடாயில் 80 மில்லிலீற்றருக்கு மேற் குருதி வெளியேறுவதை மருத்துவம் மிகைப்போக்கு என்கிறது. அவ்வாறு இழக்கும் இரும்புச்சத்தை, ரொட்டியும் சம்பலும் உணவாகக் கொண்டோர் அடுத்த மாதத்துக்குள் ஈடுசெய்தல் அரிது. உணவோடு அருந்தும் தேநீர் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும் என்பதும் அறியப்பட்ட உண்மையே. அவள் பறித்த இலையே அவளது குருதிக்கு எதிராக நிற்கின்றது.

தமிழ் மருத்துவ மரபு இம்மிகைப்போக்கைப் 'பெரும்பாடு' என்ற சொல்லாலும், மாதவிடாய் நோவைச் 'சூதக வலி' என்ற சொல்லாலும் குறித்தது. பெயர் இருந்தது, ஆனால் அப்பெயருக்குரிய வினா தோட்டத்து ஆஸ்பத்திரியிற் கேட்கப்படவில்லை. கேட்டிருப்பின் பல காரணங்கள் வெளிப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும் நோய். கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்ந்து, மாதந்தோறும் அழற்சியையும் கடும் நோவையும் உண்டாக்குவது அது. மாதவிடாய்க் குருதியின் ஒரு பகுதி பின்னோக்கிச் சென்று வயிற்றறையிற் படிவதால் அது தோன்றக்கூடும் என்ற கொள்கையை அமெரிக்க மருத்துவர் ஜோன் சம்சன் 1920களில் முன்வைத்தார். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுட் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. வயிற்றினுட் கருவி செலுத்தி நோக்கியே அதனை உறுதிசெய்தல் நெடுங்கால வழக்கம். லயத்திலிருந்து நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு 'பேர்' இழக்கப்படும் நாளாகும். இந்நிலையில், நோய் இல்லாமையும் நோய் அறியப்படாமையும் ஒன்றாகவே தோன்றும்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தின் நிலையும் இதுவே. நாற்பத்தைந்து முதல் அறுபது வயது வரையுள்ள இலங்கைப் பெண்களிடையே நிகழ்ந்து 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மேலை நாட்டு நூல்கள் முதன்மைப்படுத்தும் உடற்சூட்டிலும் மூட்டு, தசை நோவே மிகுதியாகக் காணப்பட்டது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அதனைக் கூறினர். செங்குத்தான மலையிற் கூடை சுமந்து நிற்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு முழங்கால் நோகுமாயின், அது வேலையால் வந்தது என்றோ வயதால் வந்தது என்றோ ஒதுக்கப்படும். அவள் உடலிலே நிகழும் மாற்றம் அதில் எவ்வளவு பங்கு கொள்கின்றது என்பது தனியே ஆராயத்தக்கது. கொழும்பிலே பெறப்பட்ட அறிவைக் கொண்டு கொழுந்து மலையில் நிற்பவளை அறிந்துவிட முடியாது.

இவ்வினாவை மருத்துவம் கேளாது விடின், உழைப்புச் சந்தை தானே விடையளித்துவிடும். மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் அது நிகழ்ந்தது. கரும்பு வெட்டும் பெண்கள் மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிடின் தண்டம் இறுக்க வேண்டியிருந்தது. 2019 இல் மாநில அரசு அமைத்த குழு, எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து, அவர்களுட் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கருப்பையை அகற்றிக்கொண்டமையைக் கண்டது. உறுப்பு நலம் பெறுவதற்குப் பதிலாக உறுப்பே அகற்றப்பட்டது.

முடிவுரை

மலையகத்தில் மாற்றங்கள் நிகழாமலில்லை. 1996 முதல் இலங்கையில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான நலக் கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. பிரசவத்துக்கு வெளியேயும் பெண்ணுக்கு உடல் உண்டு என அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. டிக்கோயாவிற் புதிய ஆதார வைத்தியசாலைக் கட்டடம் 2017 இல் திறக்கப்பட்டது. மூன்றாம் பிள்ளைக்கும் அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் குறைந்த விடுமுறையே வழங்கிய மகப்பேற்றுச் சட்டத்தின் ஏற்றத்தாழ்வு 2018 இல் நீக்கப்பட்டது.

இனி வேண்டுவது ஆய்வு நோக்கில் ஒரு மாற்றம். 1970களின் ஆய்வு பேராதனையிலிருந்து தேயிலை மலைக்குச் சென்றது. அவ்வழி இன்றும் திறந்தே உள்ளது. ஆயின் இம்முறை தராசோடு மட்டும் செல்லுதல் போதாது. எத்தனை நாள் குருதி போகின்றது, எங்கே நோகின்றது, எப்பொழுது தொடங்கியது என்பவற்றை அவளுடைய மொழியிலே கேட்கவல்லோர் செல்லுதல் வேண்டும். அப்பணி மருத்துவபீடத்துக்கு மட்டும் உரியதன்று. மொழியையும் வரலாற்றையும் கற்கும் கலைப்பீடத்தாருக்கும் அதிற் பங்குண்டு. கொழுந்தின் நிறையைக் கணக்கிடும் ஏடு ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அதைப் பறித்தவளின் நோவைக் கணக்கிடும் ஏடு இனிமேலாவது திறக்கப்படல் வேண்டும்.