பாணில் குற்றவாளி ஈஸ்டா? ஒரு சின்ன வரலாறு



போன தவணை பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எங்களிடம் வந்தார். "சேர், மகனுக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளுதில்ல. பாண், பணிஸ், அப்பம் எல்லாம் நிப்பாட்டிட்டன். ஆனாலும் வயிறு ஊதுறது குறையல்ல" என்றார். இப்போது என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டோம். காலையில் கோதுமை மா ரொட்டி. பின்னேரம் சத்துக்காக மாமைட் கரைத்துக் கொடுக்கிறாராம்.

மாமைட் என்பதே ஈஸ்ட்தான். 1902 முதல் இங்கிலாந்தில் பியர் வடிக்கும் ஆலைகளில் மிஞ்சிய ஈஸ்டிலிருந்து செய்யப்பட்டு வருவது. அது ஒத்துக்கொண்ட பிள்ளைக்குப் பாண் மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, கொஞ்சம் பின்னே போய்ப் பார்ப்போம்.

பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. ஆனாலும் அது நம் எல்லார் வீட்டுச் சாப்பாடாக மாறியது மிகவும் பிந்தித்தான். 1942 இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்த இடத்தைக் கோதுமை மா பிடித்தது. 1980 இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. அரிசி தின்ற வயிறுகள் இரண்டு தலைமுறைக்குள் கோதுமைக்குப் பழகவேண்டி வந்தது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பாடம் கிடைத்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்து பஞ்சத்தில் வாடியது. பாண் கிடைக்கவில்லை. ஆனால் வயிற்று நோயால் மெலிந்திருந்த சில பிள்ளைகள் அந்த நாட்களில் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். வில்லம் டிக்கே என்ற பிள்ளை வைத்தியர் ஏற்கெனவே கோதுமையைச் சந்தேகித்திருந்தார். 1950 இல் அதை ஆய்வாக எழுதினார். சீலியாக் நோய்க்குக் காரணம் கோதுமையில் உள்ள குளுட்டன் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

அப்படியானால் பழி ஈஸ்டின் மேல் எப்படி விழுந்தது? 1983 இல் வில்லியம் குரூக் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிய நூல் பெரிதாகப் பரவியது. களைப்பு, தலைவலி, வயிற்றுக் கோளாறு எல்லாவற்றுக்கும் உடலில் பெருகும் கன்டிடா என்ற மதுவமே காரணம் என்றும், ஈஸ்ட் சேர்ந்த உணவைத் தள்ளவேண்டும் என்றும் அது சொன்னது. 1990 இல் கன்டிடாவை அழிக்கும் மருந்தை வைத்துச் சோதித்தார்கள். அந்தப் பொதுவான முறைப்பாடுகளில் வெற்று மாத்திரையை விட அது கூடுதலாக எதையும் செய்யவில்லை. பாண் ஈஸ்ட் வேறு இனம். போறணைச் சூட்டில் அது செத்தும் விடுகிறது. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் இன்னும் சாகவில்லை.

2018 இல் நோர்வேயில் 59 பேரை வைத்து நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. சீலியாக் இல்லாமலே கோதுமையைத் தவிர்த்து வந்த அவர்களுக்கு வயிறு ஊத வைத்தது கோதுமையில் உள்ள ஃபிரக்டன் என்ற மாச்சத்து. மாவை நேரமெடுத்துப் புளிக்க விட்டால் ஈஸ்டே அந்த ஃபிரக்டனில் ஒரு பகுதியைத் தின்று விடும். உம்மம்மா காலத்தில் அப்ப மா இரவெல்லாம் புளித்தது. இன்று அவசர ஈஸ்டில் மா சீக்கிரம் பொங்கி விடுகிறது.

ஈஸ்ட் ஒவ்வாமையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் அரிது. ஆகவே:

• என்ன சாப்பிட்டது, எப்போது வயிறு ஊதியது என்று இரண்டு கிழமை கொப்பியில் எழுதுங்கள்.
• கோதுமையை நிறுத்துமுன் வைத்தியரைக் காணுங்கள். நிறுத்திய பிறகு செய்யும் சீலியாக் இரத்தப் பரிசோதனை பிழையான முடிவு காட்டலாம்.
• ஈஸ்ட்தான் என்று உறுதியானால் பாணோடு மாமைட், சோயா சோஸ், வினாகிரியையும் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.
• உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வளரும் பிள்ளையின் பீங்கானிலிருந்து ஒன்றை எடுப்பது லேசு. சரியானதை எடுத்தோமா என்று பார்ப்பதுதான் நம் பொறுப்பு.

அந்தத் தாய் இப்போது கொப்பியில் எழுதுகிறார். அடுத்த கிழமை மகனை வைத்தியரிடம் கொண்டு போகிறார். துஆச் செய்யுங்கள்.