டி.எஸ்.எல்.ஆருக்கு அடுத்த லென்ஸ் வாங்கப் போறீங்களா? தருமபுரி கேமரா பிரியர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

புது டி.எஸ்.எல்.ஆர் கேமராவோடு பெரும்பாலும் 18-55 மி.மீ 'கிட் லென்ஸ்' வரும். சில மாதம் போனதும் "அடுத்த லென்ஸ் எது?" என்ற கேள்வி வந்துவிடும். அவசரப்பட்டு வாங்கினால் கேமராவுக்கே பொருந்தாத லென்ஸில் பணம் முடங்கிப்போகும். வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை இதோ.

முதலில் இதைச் செய்யுங்க

ஏற்கெனவே எடுத்த படங்களின் விவரத்தைத் திறந்தால், எத்தனை மி.மீ-இல் எடுத்தது என்று தெரியும். பெரும்பாலான படங்கள் 55-இல் இருந்தால் தூரத்தை இழுக்கும் லென்ஸ் தேவை. 18-இலேயே நின்றால் அகலமான லென்ஸ் தேவை. இருட்டில் படம் கலங்கினால் அதிக வெளிச்சம் வாங்கும் லென்ஸ் தேவை.

எந்த இடத்துக்கு எது?

*ஒகேனக்கல்:* அருவி முழுவதையும் பிடிக்க 18-55 லென்ஸே போதும். ஈரப் பாறையின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் உதவும். பரிசலிலோ சாரல் அடிக்கும் இடத்திலோ லென்ஸைக் கழற்றி மாட்டக் கூடாது. சென்சாரில் தண்ணீர் பட்டால் செலவு பெரிசு.

*நடுகற்கள்:* தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் மாவட்டத்தின் பல ஊர்களிலும் நடுகற்கள் உள்ளன. வெளியில் உள்ள கற்களுக்குப் புது லென்ஸ் தேவையில்லை. காலை, மாலை சாய்வெயிலில் எடுத்தாலே செதுக்கலும் எழுத்தும் தெளிவாகத் தெரியும்.

*அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில்:* விதானத்தில் பழைய ஓவியங்கள் உண்டு. இங்கே 50 மி.மீ லென்ஸில் சிறு பகுதிதான் அடங்கும். 10-18 போன்ற அகல லென்ஸ் சரி. அனுமதி கேட்டுவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பதே முறை.

*கல்யாணம், காதுகுத்து:* கேனானில் 50 மி.மீ எஃப்/1.8, நிக்கானில் 35 மி.மீ எஃப்/1.8 நல்ல தொடக்கம். எஃப்/5.6-ஐவிட எஃப்/1.8 ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் வாங்கும். தொடக்கநிலை கேனானில் 50 மி.மீ, 80 மி.மீ அளவுக்கு நெருங்கிக் காட்டும். சின்ன அறையில் பின்னால் நகர இடமிருக்கா என்று பார்த்துக்கொள்ளுங்க.

*பறவை, விளையாட்டு:* 55-250 அல்லது 70-300 ஜூம். 250 மி.மீ-இல் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் 1/400 விநாடியாவது இருந்தால் நல்லது. 'இமேஜ் ஸ்டெபிலைசர்' கை நடுக்கத்தைத்தான் குறைக்கும். ஓடும் பிள்ளையையோ பறக்கும் பறவையையோ அது நிறுத்தாது.

பொருந்துமா? இங்கேதான் பலர் ஏமாறுவது

கேனான் 1500டி, 200டி போன்றவற்றில் 'இஎஃப்', 'இஎஃப்-எஸ்' இரண்டும் பொருந்தும். 2018-இல் மிரர்லெஸ் கேமராவுக்காக வந்த 'ஆர்எஃப்' லென்ஸ் பொருந்தவே பொருந்தாது.

நிக்கான் டி3000, டி5000 வரிசை கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று பழைய 'ஏஎஃப்-டி' லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்யணும். 'ஏஎஃப்-எஸ்' என்று இருந்தால் பிரச்சினை இல்லை. 'ஏஎஃப்-பி' லென்ஸ் டி3100, டி3200 போன்ற பழைய மாடல்களில் வேலை செய்யாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பழைய லென்ஸ்கள் கைக்கு வருகின்றன. சேலமோ பெங்களூருவோ, எங்கே போனாலும் சொந்த கேமராவைக் கையோடு கொண்டுபோய் இவற்றைச் சோதியுங்க:

- செல்போன் டார்ச்சை லென்ஸ் வழியே அடித்துப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. வேண்டாம்.
- கிட்டத்திலும் தூரத்திலும் ஆட்டோ ஃபோகஸ் பிடிக்கிறதா?
- ஜூம் வளையம் சிக்காமல் சுற்றுகிறதா?
- உள்ளே உள்ள துவார இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா?
- எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் நான்கு மூலையும் ஒரே அளவு தெளிவாக இருக்கிறதா?

உள்ளே ஓரிரு தூசி இருந்தால் படத்தில் தெரியாது, பயப்பட வேண்டாம்.

புதுசு வாங்கினால் பில்லும் இந்திய வாரண்டி அட்டையும் கட்டாயம். 'இறக்குமதி' என்று மலிவாகத் தரும் லென்ஸுக்கு இங்கே வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

வாங்கிய பிறகு

ஈரத்தோடு பையில் போட்டு மூடாதீங்க. துடைத்து, காற்றாட வைத்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் பூஞ்சை வராது.

நாளை மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் கேனான் இஎஃப் லென்ஸ்களை அதே நிறுவனத்தின் அடாப்டர் மூலம் பயன்படுத்தலாம். நிக்கானில் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களும் அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸோடு இயங்கும். ஆக, பொருத்தம் பார்த்து வாங்கிய லென்ஸ், கேமரா மாறினாலும் வீணாகாது.