இப்னு பதூதா கம்பளைக்கு வந்தாரா?

கெலிஓயா, கம்பளை, தவுலகல, ஹந்தெஸ்ஸ பக்கத்து உறவுகளுக்கு ஒரு நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

போன பாடசாலை விடுமுறையில் நாங்கள் ஆசிரியர்கள் ஆறு பேர் கற்பிட்டிக்குப் போனோம். மலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்றால் கரையில் நின்று கால் நனைப்பதுதான். தீவுகளைப் பார்க்க ஒரு போட் பிடித்தோம். அரை மணித்தியாலத்தில் காற்று கிளம்பியது. இரண்டு பேருக்கு வாந்தி. எங்கள் கணித ஆசிரியர் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். போட்கார நானா சிரித்துக்கொண்டு, "சேர், இது களப்பு. வெளிக்கடலுக்கு நாம இன்னும் போகல்ல" என்றார்.

அன்றிரவு மீன் பொரியலோடு பேச்சு இப்னு பதூதாவிடம் போனது. காரணம் இருந்தது. அவர் கம்பளைக்கு வந்தார், அங்கே தொழுதார் என்று ஒரு செய்தி கொஞ்ச நாளாக நமது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தரம் 8 பிள்ளை ஒன்று வகுப்பில் எழும்பி, "சேர், அது உண்மையா?" என்று கேட்டுவிட்டது. "நீங்கள் நேற்று வந்தவர்கள்" என்று நம்மைச் சொல்பவர்கள் இருக்கிற நாட்டில் இது சின்னக் கேள்வி இல்லை. திரும்பி வந்தபின் அவருடைய ரிஹ்லாவின் இலங்கைப் பகுதியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாசித்தோம்.

1304இல் தஞ்சியரில் பிறந்தவர். 21 வயதில் ஹஜ்ஜுக்கென்று வீட்டை விட்டுப் புறப்பட்டார். மாலைதீவில் ஒன்றரை வருடமளவில் இருந்து, அங்கே காழியாகவும் கடமை பார்த்துவிட்டு, 1344 ஆகஸ்டில் கப்பலேறினார். போக நினைத்தது மஃபருக்கு, அதாவது தென்தமிழகக் கரைக்கு. மூன்று நாள் பயணம். வழிகாட்டத் தெரிந்த மாலுமி இல்லாததால் ஒன்பதாம் நாள் இலங்கைக் கரையைக் கண்டார்கள். தூரத்தில் நமது பாவாத மலை புகைத் தூண் மாதிரித் தெரிந்ததாம்.

மாலுமிகளோ இறங்கப் பயந்தார்கள். அது ஆரியச் சக்கரவர்த்தியின் துறை, அவருடைய கப்பல்கள் கடலில் கொள்ளையடிப்பவை என்று அவர்களுக்குக் கேள்வி. காற்று கூடியதும் இப்னு பதூதாவே, "என்னைக் கரையில் விடுங்கள், நான் பாதுகாப்பு வாங்கித் தருகிறேன்" என்று முன்னுக்கு வந்தார். மஃபர் சுல்தானின் மனைவியும் தன்னுடைய ஒரு மனைவியும் சகோதரிகள் என்ற உறவைச் சொல்லிக்கொண்டு அரசனிடம் போனார். (உறவு சொல்லிக் காரியம் பார்ப்பது நமக்கு மட்டும் உரிய கலை இல்லை.)

அவர் பத்தாலா என்று எழுதும் அந்த ஊரைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் புத்தளம் என்கிறார்கள். மரக்கோபுரங்களும் மரச்சுவரும் உள்ள சின்ன, அழகான ஊர். கரையெல்லாம் ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள். அரசனுக்குப் பாரசீகம் விளங்கியது. மூன்று நாள் விருந்து, கையில் முத்துக்கள். "வேறென்ன வேண்டும்?" என்று அரசன் கேட்டபோது, ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை என்றார். இந்த ஊரார் ஆதமை பாபா என்றும் ஹவ்வாவை மாமா என்றும் சொல்வதை அவர் குறித்து வைத்திருக்கிறார்.

எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வியாபாரம் இல்லை, உத்தியோகம் இல்லை. காற்று தள்ளிக்கொண்டு வந்துவிட்ட தீவில் ஒரு மனிதர் ட்ரிப் போக ஆசைப்படுகிறார். அரசன் பல்லக்குக் கொடுத்து, மலைக்கு வருடாவருடம் போய்வரும் யோகிகள் நான்கு பேர், பிராமணர் மூன்று பேர், தன் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று சேர்த்து அனுப்பினான். சிலாபம் வழியாக யானைக் காட்டுக்குள் இந்தக் கூட்டம் நடந்தது. அட்டைக்கடி பற்றியும் எழுதியிருக்கிறார். மழை நாளில் பாவாத மலை ஏறியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இனி நமது கேள்வி. வழியில் குனகார் என்ற தலைநகரில் தங்கியதாக எழுதுகிறார். அது எது? 1341இலிருந்து நான்காம் புவனேகபாகு கம்பளையிலிருந்துதான் ஆண்டான். அதனால் கம்பளை என்பவர்கள் உண்டு. பெயர் ஒற்றுமையையும் சிலாபத்திலிருந்து வரும் பாதையையும் பார்த்துக் குருநாகல் என்பவர்கள் உண்டு. அங்கே மாணிக்கம் கிடைப்பதாக அவர் சொல்வதை வைத்து இரத்தினபுரி என்பவர்களும் உண்டு. அவர் இதையெல்லாம் சொல்லி எழுதுவித்தது 1355 அளவில், பதினொரு வருடம் கழித்து. ஆகவே "வந்தார்" என்று அடித்துச் சொல்ல நாங்கள் தயாரில்லை. ஆசை நமக்கும் உண்டு, ஆனால் ஆசை ஆதாரமாகாது. பொய்யான ஒரு பெருமையை நாம் பிள்ளைக்குக் கொடுத்து, நாளைக்கு வேறொருவர் அதை உடைத்தால், உண்மையானதும் சேர்ந்து உடையும்.

உண்மையானது எது? அந்த குனகாருக்கு வெளியே ஷீராஸிலிருந்து வந்த ஷெய்க் உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது. அரசனும் மக்களும் அவரைத் தேடிப் போய் மரியாதை செய்தார்கள் என்று இப்னு பதூதா எழுதுகிறார். ஊர் எதுவாக இருந்தாலும், உள்நாட்டுத் தலைநகர் ஒன்றில் அன்றே பள்ளி இருந்திருக்கிறது. ஆனால் பகிரும்போது நம்மவர்கள் வெட்டிவிடும் அடுத்த வரியும் உண்டு. மாடு அறுத்ததற்காக அந்த ஷெய்க்குக்கு ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டிருந்தன. அந்நாட்டுச் சட்டப்படி மரண தண்டனை. அவர் மேலிருந்த மதிப்பால் அதைக் குறைத்து, ஒரு சந்தையின் வருமானத்தையும் அவருக்கே எழுதிக்கொடுத்தார்கள். மதிப்பும் காயமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் நாங்கள் வகுப்பில் சொன்னோம்.

இன்னொன்று. இப்னு பதூதா இங்கே இறங்கிய அதே 1344இல்தான் நமக்குப் பக்கத்து லங்காதிலக விகாரை எழுந்தது. கெலிஓயாவிலிருந்து த்ரீவீலில் போய்வரலாம். பாறையில் அன்று வெட்டிய கல்வெட்டு சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. சிங்கள அரசனின் காலத்து விகாரையில், 680 வருடத்துக்கு முந்திய தமிழ் எழுத்து! நம்மில் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்திருக்கிறோம்?

பிற்காலத்தில் புத்தளம் கண்டி ராஜாக்களின் துறைமுகமாக இருந்தது. அந்தக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏற, பாக்கு கீழே இறங்க, தவளம் மாடுகளோடு நடந்தவர்களில் நமது மூதாதையர் பலர். அது தனிப் பதிவுக்கான விஷயம்.

மலை இறங்கியவர் தெவிநுவர, காலி, கொழும்பு சுற்றிப் புத்தளம் வந்து மறுபடி மஃபருக்குக் கப்பலேறினார். கரை நெருங்கும்போது புயலில் கப்பல் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் போட்டார்கள். மாலுமிகள் கட்டிய தெப்பத்தில் அவர் இறங்கப்போகும்போது, தோழர்கள் இருவர், "எங்களை விட்டுப் போகிறீர்களா?" என்று கேட்டார்கள். அவர்களை முதலில் அனுப்பினார். கூட இருந்த அடிமைப் பெண்களும் அதோடு போனார்கள். (ஆம், அடிமைப் பெண்கள். அந்தக் காலத்து வழக்கத்தை நாம் மறைக்கத் தேவையில்லை.) தான் கப்பலின் பின்தட்டில் இரவு முழுக்கக் கிடந்தார். காலையில் அவ்வூர்க்காரர்கள், முஸ்லிமல்லாதவர்கள், படகில் வந்து காப்பாற்றினார்கள்.

வீட்டில் உள்ள பெரியவர்கள் அந்தக் காலத்தில் கால்நடையாகப் பாவாத மலை போன கதை சொன்னால், தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். எந்த வழியால் போனார்கள், எங்கே தங்கினார்கள், யாரோடு போனார்கள் என்பதையும் சேர்த்து. பிள்ளைகள் சேகரிக்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை தரம் 8ஐ லங்காதிலகவுக்குக் கூட்டிப் போகிறோம். கணித ஆசிரியரும் வருகிறார். வழியில் தண்ணீர் எதையும் கடக்க வேண்டியதில்லையா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.